வியாழனின் நிலவும் எங்கள் வீட்டு அலுமாரியும்

என் கணவர் கப்பல்காரர். உலகத்திலேயே ஆழமான துறைமுகங்களில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கிடக்கிறது. ஆனால் அந்த மனுசன் ஒருநாளும் திருகோணமலையில் கப்பல் ஏறினதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் பறந்து, பெயர் வாயில் நுழையாத ஏதோவொரு துறைமுகத்தில் போய்த்தான் ஏறுவார். "வாசலில தண்ணிய வைச்சுக்கொண்டு ஊரெல்லாம் சுத்திப்போய்க் கால் நனைக்கிற ஆள்" என்று நான் பகிடி பண்ணுவேன். அவருக்கு அந்தப் பகிடி பிடிக்காது. பிடிக்காது என்பதற்காகவே ஒவ்வொரு முறையும் சொல்லுவேன்.

பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. எங்கள் கலியாண வாழ்க்கை இப்படித்தான் போனது. பிள்ளை இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். வீடு என்னுடைய சீதன வீடு, நகரத்துக் கடற்கரையோரம். பக்கத்துக் காணி விலைக்கு வந்தபோது, அவர் கப்பல் உழைப்பில் அதை வாங்கித் தன்னுடைய தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்தார். அவள்தான் என் மச்சாள். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியில் ஒரு படலை. அந்தப் படலையின் கொக்கி போட்டிருந்ததை நான் கண்டதே இல்லை.

எஞ்சின் அறையில் வேலை என்றபடியால் அவர் வந்து இறங்கும்போது உடம்பில் ஒரு எண்ணெய் மணம் இருக்கும். எந்தச் சவுக்காரத்துக்கும் அது போகாது. அதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வந்த இரண்டு மூன்று நாளுக்குள் வாடகைக்கு ஒரு வான் பிடித்துக்கொண்டு எல்லாரும் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போவோம். ஊரில் மற்றவர்கள் பெரும்பாலும் செத்தவர்களுக்குக் கடமை செய்யத்தான் அங்கே போவார்கள். நாங்கள் உயிரோடு திரும்பி வந்தவரைக் கழுவப் போவோம். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றுவார். மச்சாள் கரையில் நின்று, "அண்ணை, அதில அள்ளாதேங்கோ, சூடு காணாது. மற்றதில அள்ளுங்கோ" என்று கட்டளை போடுவாள். திரும்பி வரும்போது வானுக்குள் சவுக்கார மணமும் எண்ணெய் மணமும் சேர்ந்து அடிக்கும். எனக்கு அந்த மணம் பிடிக்கும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

பிறகு சண்டை தொடங்கும். சும்மா முணுமுணுப்பு இல்லை, நல்ல சண்டை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்கு எஞ்சின் சத்தத்துக்குள் கத்திக் கத்திப் பழகின தொண்டை. சண்டையின் முதல் காரணம் எப்போதும் அலுமாரி.

அது என் அம்மா வீட்டு அலுமாரி. கட்டைபறிச்சானிலிருந்து மாட்டு வண்டியில் மூதூர் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து, கயிற்றால் கட்டுண்டபடி என்னோடு வந்து சேர்ந்தது. முதிரைப் பலகை. யானைக்குட்டிப் பாரம். கலியாணமான புதிதில் அவர் அதைச் சுவரோரம் வைத்தார். கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை அவர் கப்பலுக்குப் போன அன்று, அறைக்குள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்குத் துணையாக வந்து நின்ற மச்சாளையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாக மூச்சு வாங்க வாங்க அதை இழுத்து யன்னலுக்கு முன்னால் விட்டோம். பத்து மாதம் கழித்து அவர் வந்தார். பெட்டியைக்கூட வைக்காமல் அறை வாசலில் நின்று, "ஆரப்பா இதைக் கொண்டுபோய் யன்னலுக்குக் காவல் வைச்சது?" என்று கத்திக்கொண்டே தோளால் தள்ளிப் பழைய இடத்தில் விட்டார். அடுத்த முறை போனார். நான் மறுபடி இழுத்தேன். அப்படியே அது ஒரு வழக்கமாகிவிட்டது. சீமெந்துத் தரையில் அலுமாரிக் கால்கள் கீறின இரண்டு வளைவுக் கோடுகள் இருக்கின்றன. எத்தனை முறை தரைக்குச் சிவப்பு மினுக்கம் போட்டும் அந்தக் கோடுகள் மறையவில்லை.

அவர் வீட்டில் நிற்கிற இரண்டு மாதமும் மச்சாள் ஒரு நாளைக்குப் பல தரம் படலையால் வருவாள். குழம்பு ருசி பார்ப்பாள். "மச்சாள், அண்ணைக்கு இவ்வளவு உறைப்புக் கூடாது" என்பாள். அவரிடம் போய், "அண்ணை, மச்சாள் பாவம், நீங்கள் கத்துற கத்தில இளைச்சுப் போனா" என்பாள். எரிகிற இடத்தில் ஊதிவிட்டுப் போய்விடுவாள். நாங்கள் சண்டை பிடித்து, கதைக்காமல் இருந்து, பிறகு ஒரு பொழுதுபட்ட நேரம் இரண்டு பேரும் கடற்கரையில் போய் இருந்து கச்சான் கடலை கொறிப்போம். அவர் துறைமுக வெளிச்சங்களைக் காட்டி, இன்ன கப்பல் இன்ன மாதிரி என்று சொல்லுவார். அந்த நேரங்களில் நான் சந்தோசமாக இருந்தேன். வேறு சொல் தேடத் தேவையில்லை, சந்தோசம்தான்.

பிறகு ஒரு வருடம் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். வயதும் வந்தது, முழங்காலும் பிடித்தது. இனிக் கப்பல் இல்லை என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை. வந்த அன்று அறை வாசலில் பெட்டியோடு நின்றார். அலுமாரி யன்னலுக்கு முன்னால் நின்றது. நான் குசினியில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டே அவர் கத்தப்போகிற கத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்தேன். அவர் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்து, "தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அலுமாரி யன்னலடியிலேயே நின்றது.

பிறகு வந்த மாதங்கள் வேறு மாதிரி. வீட்டில் சண்டையே இல்லை. "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." "மீன்காரர் வந்தவரோ?" "ஓம், சூடை மீன் வாங்கினனான்." வாடகைக்கு வந்த இரண்டு மரியாதையான ஆட்கள் போல இருந்தோம். கன்னியாவுக்கும் போகவில்லை, வந்த புதிதில் முழங்கால் நோவென்று தள்ளிப்போட்டது, தள்ளியே போனது. மச்சாளும் வருவதைக் குறைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அண்ணை இனி எந்த நாளும் வீட்டில நிக்கிறார். புருசன் பெண்சாதிக்கு நடுவில நான் என்னத்துக்கு?" என்றாள். இத்தனை வருடமும் இல்லாத ஞானம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. படலைக் கொக்கி முதல்முறையாகப் போட்டிருந்தது.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "ஈச்சிலம்பற்றில தம்பியின்ர வயலுக்கு ஆள் பத்தாதாம். நான் போய் அங்க நிக்கலாமெண்டு பாக்கிறன். விதைப்புக்குப் போனால் பிறகு அங்கயே இருக்கலாம்."

நான் "ஓம், நல்லதுதானே" என்றேன். எங்கள் வயதில், எங்கள் பக்கத்தில், ஆரும் பிரிகிறதில்லை. ஒருவர் வயல் பார்க்கப் போவார், மற்றவர் வீடு பார்க்க நிற்பார். கேட்பவர்களுக்கு வயல் ஒரு நல்ல பதில். பிறகு நல்லது கெட்டதுக்கு இரண்டு பேரும் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எனக்கு அப்படி இரண்டு மூன்று குடும்பங்களைத் தெரியும். என் கதையும் அங்கேதான் போகிறது என்று விளங்கியது. அன்றைக்குக் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவுகிற சாட்டில் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் அதிபர் கூப்பிட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வானம் பார்க்கும் மாலை வைக்கப்போகிறோம், வெளியிலிருந்து தொலைநோக்கி கொண்டு வருகிறார்கள், வியாழன் நல்லாகத் தெரிகிற காலம், அதன் நிலவுகளைப் பற்றி நீங்கள்தான் தாய் தகப்பன்மாருக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்றார். எனக்கு அப்போது வியாழனும் வேண்டாம் வெள்ளியும் வேண்டாம் என்ற நிலை. ஏலாது என்று சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினேன்.

வியாழனுக்குப் பக்கத்தில் அயோ என்று ஒரு நிலவு. சூரியனிலிருந்து அவ்வளவு தூரத்தில் அது விறைத்துப்போய்க் கிடக்க வேண்டிய ஒன்று. ஆனால் உடம்பு முழுக்க எரிமலை. உள்ளே கல் உருகிக் கொதிக்கிறது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? அதன் பாதை முழு வட்டம் இல்லை, கொஞ்சம் நசுங்கின வட்டம். ஒரு நேரம் வியாழனுக்குக் கிட்டப் போகும், ஒரு நேரம் தூரப் போகும். கிட்டப் போகும்போது வியாழன் பிடித்து இழுக்கும், நிலவின் உடம்பு நீளும். தூரப் போகும்போது பிடி தளரும், உடம்பு சுருங்கும். எங்கள் துறைமுகத்தில் கடல் ஏறி இறங்குகிறதே, அதே விசயம்தான். இங்கே பெருக்குக்கும் வத்துக்கும் ஒரு முழம் வித்தியாசம் வந்தாலே பெரிது, இறங்குதுறைக் கல்லில் பாசி பிடித்த கோட்டைப் பார்த்தால்தான் தெரியும். அங்கே தண்ணீர் இல்லை, கல்நிலமே ஏறி இறங்குகிறது. கோணேசர் மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்போமே, கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்துக்கு. அப்படி ஓயாமல் கசங்கிக் கசங்கி, உள்ளுக்குள் உராய்ந்து உராய்ந்து, அந்த நிலவு தன் வயிற்றிலேயே சூடு பிடிக்கிறது.

சனங்களுக்கு இதைக் கையில் காட்ட வேண்டுமே என்று வேலியில் கிடந்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து குசினியில் நின்று வளைத்துப் பார்த்தேன். இப்படியும் அப்படியும் கெதியாக வளைத்துவிட்டு, வளைந்த இடத்தை மேல் உதட்டில் வைத்தால் சுள்ளென்று சுட்டது. அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. விறாந்தையில் அவர் கதிரையில் இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் கம்பியை உதட்டில் வைத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அடுத்த பக்கத்துக்கு வந்தேன். அயோவின் பாதை முழு வட்டமாக வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று அதில் இருந்தது. எப்போதும் ஒரே தூரம். இழுத்த இழுவை இழுத்தபடியே நிற்கும், நீளவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. கசங்குவதற்கு ஒன்றும் இல்லை. சூடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும். அந்த நிலவு வியாழனுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஆறிப்போகும்.

பக்கத்திலேயே இருந்துகொண்டு. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் படிப்பிக்கிறவளுக்குப் பாதியில் விட மனம் வராது, மறுநாள் மிச்சத்தையும் வாசித்தேன். பாதை தன்பாட்டில் விட்டால் வட்டமாகத்தான் ஆகப் பார்க்குமாம். வட்டமாக விடாமல் தடுப்பது பக்கத்தில் சுற்றுகிற மற்ற நிலவுகள். அயோ நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் யுரோப்பா என்றது இரண்டு சுற்று, கனிமீட் என்றது ஒரு சுற்று. முறை வைத்து வந்து வந்து ஒரு இழுவை இழுத்துவிட்டுப் போகின்றன. அந்த இழுவையால்தான் அயோவின் பாதை நசுங்கியபடியே இருக்கிறது, அயோ சூடாகவே இருக்கிறது. யுரோப்பாவுக்கும் இதில் பங்கு கிடைக்கிறது. மேலே பனிக்கட்டி, அடியில் உறையாத கடல் இருக்கிறது என்று சொல்கிறார்கள்.

முறை வைத்து வந்து இழுத்துவிட்டுப் போகிற ஆள். நான் எழும்பி நேரே வேலிக்குப் போனேன். மச்சாள் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏன் மச்சாள் இப்ப வாறேல்ல?"

"சொன்னனான்தானே. அண்ணை நிக்கிறார்."

"அண்ணை நிண்டா உமக்கென்ன? நீர் வராமல் எங்கட வீடு செத்த வீடாய்க் கிடக்கு. வந்து குழம்பில குறை சொல்லும். அவரிட்ட என்னைப் பற்றிக் கோள் சொல்லும்."

மச்சாள் கையில் இருந்த சாரத்தை உதறாமல் என்னையே பார்த்தாள். "மச்சாள், உங்களுக்குக் காய்ச்சல் கீச்சலே?" என்றாள்.

விளங்கப்படுத்த நான் ஒரு வசனம் தொடங்கினேன், அழுகை வந்துவிட்டது. ஈச்சிலம்பற்றுக் கதையைச் சொன்னேன். அவள் படலைக் கொக்கியைக் கழற்றி வந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணை எனக்கும் சொல்லேல்லயே" என்றாள்.

வானம் பார்க்கும் மாலை வந்தது. மைதானத்தில் நல்ல சனம். தொலைநோக்கிக்கு முன்னால் வரிசை. மச்சாள் அவரையும் இழுத்துக்கொண்டு வந்து பின் கதிரைகளில் இருத்தியிருந்தாள். நான் கம்பியை வளைத்து முன்வரிசைப் பிள்ளைகளின் உதட்டில் வைத்துக் காட்டினேன். அயோ என்று பெயர் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாம் நல்லாகத்தான் போனது. அப்போது ஒரு தாய் எழும்பிக் கேட்டார்: "அப்ப ரீச்சர், எங்கட கன்னியாக் கிணறும் இப்பிடித்தான் சூடாகுதோ?"

திருகோணமலைக்காரரிடம் நிலத்துக்கு உள்ளே சூடு என்று சொன்னால் வேறு எதை நினைப்பார்கள்? நானும் திருகோணமலைக்காரிதானே. யோசிக்காமல், "ஓம், அதுவும் இப்பிடித்தான்" என்றேன்.

"இல்லை. அது பிழை."

பின்னாலிருந்து வந்த குரல். எஞ்சின் அறைக் குரல். நான் மாதக்கணக்காகக் கேட்காத குரல். என் புருசன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார்.

"இழுத்து விடுறதில சூடாகிறதெண்டா, பெருக்கு வத்தோட கன்னியாவும் நாளுக்கு ரெண்டு தரம் சூடாகி ஆறோணும். நான் எத்தனை வருசமாய் அதில குளிக்கிறன். விடியப் போனாலும் ஒரே சூடு, பின்னேரம் போனாலும் ஒரே சூடு. அது வேற சூடு."

சனம் கொல்லென்று சிரித்தது. அதிபரும் சிரித்தார். எனக்கு முகம் பற்றி எரிந்தது. மிச்சத்தை எப்படிச் சொல்லி முடித்தேன் என்று நினைவில்லை.

ஓட்டோவில் ஏறினதும் தொடங்கினேன். "பிழையெண்டா வீட்டில வந்து சொல்லியிருக்கலாம்தானே? ஊருக்கு முன்னால என்ர மானத்தை வாங்கோணுமே?"

"வீட்டில எங்கயப்பா நாங்கள் கதைக்கிறம்?"

அந்தப் பதில் நெஞ்சில் வந்து குத்தியது. ஆனால் கோபம் என்னை நிற்க விடவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, கதவு திறந்து, லைற் போட்டு, குசினிவரை கத்திக்கொண்டே போனேன். "கன்னியா பிழைதான். சரி, ஒத்துக்கொள்ளுறன். தண்ணி ஆழத்துக்குப் போய், பூமியின்ர சூட்டில சுட்டு மேல வருது. ஆனா நீங்கள் சொன்ன காரணம் என்னுடையதைவிடப் பிழை. அயோவும் நாளுக்கு ரெண்டு தரம் சூடாகி ஆறுறேல்ல. வருசக்கணக்கா உள்ளுக்க பிடிச்ச சூடு அவ்வளவு கெதியில ஆறாது."

அந்த நேரம் பார்த்து மச்சாள் படலையைத் தள்ளிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். "சத்தம் ரோட்டுக்குக் கேக்குது" என்றாள். குறை சொல்கிற ஆளின் முகமாக அது இல்லை, வாய் காதுவரை போயிருந்தது. "அண்ணை, ரீச்சரைப் போய்ச் சனத்துக்கு முன்னால பிழை சொல்லலாமே? மச்சாள், நீங்களும் புருசனெண்டும் பாக்காமல் இப்பிடிக் கத்தலாமே?"

"நான் திங்கக்கிழமை ஈச்சிலம்பற்றுக்குப் போறன்" என்றார் அவர்.

"போங்கோ. ஆர் மறிச்சது? போகோணுமெண்டு வந்த அண்டைக்கே முடிவெடுத்தாச்சுத்தானே."

"இது உம்மட வீடு." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் லீவில வந்து நிண்டு போற ஆள். லீவு முடிஞ்சும் போகாமல் கிடந்தால் வீட்டுக்காரருக்குக் கரைச்சல்தானே. அலுமாரிய வந்த அண்டைக்கே பாத்தனான். இனி நான் போகப்போறேல்ல, உம்மட அலுமாரி உமக்குப் பிடிச்ச இடத்தில நிக்கட்டுமெண்டுதான் தள்ளாமல் விட்டனான்."

மச்சாள் என்னைப் பார்த்தாள்.

"யன்னலை மறைச்சுக்கொண்டு நிக்கிற அலுமாரிய ஆருக்கப்பா பிடிக்கும்?" என்றேன். "இத்தின மாசமும் அறைக்குள்ள காத்தில்லாமல் வேர்த்து வடிஞ்சுகொண்டு கிடக்கிறன். நீங்கள் தள்ளுவீங்கள் எண்டுதானே அங்க வைக்கிறனான். ஒவ்வொரு தரமும் நீங்கள் வந்து தள்ளோணுமெண்டுதானே."

அவர் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் நான் கொண்டுவந்து போட்ட கம்பி கிடந்தது. அதை எடுத்தார். குனிந்துகொண்டு வளைத்தார், நிமிர்த்தினார், வளைத்தார். எஞ்சினில் பழகின தடித்த விரல்கள். பிறகு கிட்ட வந்து அதை என் மேல் உதட்டில் வைத்தார். என்னுடையதைவிட நல்லாகச் சுட்டது. மச்சாள் மற்றப் பக்கம் திரும்பி, இல்லாத பானைக்கு மூடி தேடினாள்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. திங்கட்கிழமை அவர் போகத்தான் செய்தார், தம்பிக்குச் சொன்ன சொல் இருந்தது, விதைப்புக் காலம். நானும் மறிக்கவில்லை. வெளிக்கிடும்போது, "வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றேன். "பாப்பம்" என்றார். அவருடைய பாப்பத்துக்கு என்ன கருத்து என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டதில்லை. கம்பி சுட்ட சூடு வேறு, ஒரு மனுசன் பஸ் ஏறித் திரும்பி வருவது வேறு. அங்கே வயல், தம்பி குடும்பம், ஆற்றங்கரைக் காற்று. பழகிவிட்டால் வருவாரோ? அவர் போன கையோடு நானும் மச்சாளும் அலுமாரியைப் பார்த்தோம். அது ஏற்கெனவே யன்னலடியில்தான் நின்றது. இழுக்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க நான் போன் எடுத்துக் கதைக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கப்பலில் இருந்த காலத்தில் பத்து மாதத்தைத் தாண்டினவள், ஐந்து நாளைத் தாண்ட முடியாமல் தவித்தேன். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல். வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் வைத்தேன். பின்னேரம் மழை தொடங்கியது. ஈச்சிலம்பற்றிலிருந்து மூதூரால் வருகிற பஸ் வந்து போய்விட்டது. மச்சாள் குடையோடு சந்திவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அதில வரேல்ல மச்சாள்" என்றாள். அவளுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் என்னோடு இருந்துவிட்டு விளக்கு வைக்கப் போய்விட்டாள்.

நான் குசினியில் தனியே நின்று அப்பளம் பொரித்தேன். ஒரு ஆளுக்கு எத்தனை அப்பளம் பொரிப்பது? இரண்டு ஆளுக்குப் பொரித்தேன். தகரத்தில் மழை அடித்த அடியில் வேறு சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தாச்சியை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து, இனி இப்படித்தான், பழகிக்கொள்ளடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது மழைக்கு மேலால் ஒரு சத்தம் வந்தது. முதலில் இடி என்று நினைத்தேன். இடி அப்படித் தரையில் இழுபடாது.

எழும்பி ஓடினேன். முன்கதவு திறந்து கிடந்தது. விறாந்தையில் நனைந்த பையும் ஒரு சட்டி எருமைத் தயிரும் இருந்தன. அறைக்குள் அவர் நனைந்த சேட்டோடு, நோகிற காலைப் பின்னால் நீட்டி, அலுமாரிக்குத் தோள் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"ஆரப்பா இதைக் கொண்டுபோய் யன்னலுக்குக் காவல் வைச்சது?" என்று கத்தினார்.

நானும் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன்.